சார், ஒரு நிமிஷம்

தெருவில் யாராவது "சார், ஒரு நிமிஷம்" என்று வழிமறித்தால் நழுவுவது எப்படி என்பதில் நான் கரை கண்டவன். காப்பீடு, கிரெடிட் கார்டு, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின், செங்கல்பட்டுக்கு அப்பால் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் மனை, எது வந்தாலும் சரி, வராத போனைக் காதில் வைத்து, "இதோ ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துட்டிருக்கேன்" என்று சொல்லியபடியே நடையைக் கட்டிவிடுவேன். ஒரு தடவை அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே காதில் இருந்த போன் நிஜமாகவே அடித்துவிட்டது. விற்க வந்த பையன் சிரிக்கவில்லை. "எடுங்க சார், ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் இருக்கும்" என்றான்.

அந்தப் பையனின் வயிற்றெரிச்சலோ என்னவோ, ஓய்வு பெற்ற கையோடு பலித்துவிட்டது. இப்போது "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்கிறவன் நான். மயிலாப்பூரில் அத்தனை பேருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது.

விஷயம் இதுதான். என் மனைவி வீட்டில் பொடி செய்து விற்கிறாள். இட்லி மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, பிரண்டைப் பொடி. சும்மா கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பொடிகளுக்கு இருந்த ரசிகர் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அமெரிக்கா போகிறவர்களின் பெட்டியில் துணிமணிக்கு முன்னால் எங்கள் பொடி ஏறும். "இதை நீங்க விக்கலாமே மாமி" என்று சொல்லாத வாய் கிடையாது. விற்க ஆரம்பித்தோம். அன்றிலிருந்து அந்த வாய்களைக் காணவில்லை.

தெரிந்தவர்கள் வாங்கமாட்டார்கள் என்றால் பாக்கி இருப்பது தெரியாதவர்கள். அவர்கள் வீட்டில் கிடைக்கமாட்டார்கள், வெளியில்தான் போய்ப் பிடிக்க வேண்டும். வெளியில் போய் வருவதற்கென்று எங்கள் வீட்டில் ஒருத்தன் சும்மா இருந்தான்.

நான் இலேசில் மசியவில்லை. அவள் லிஜ்ஜத் அப்பளத்தின் கதையை எடுத்தாள். 1959இல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். முதல் நாள் நாலே பாக்கெட். பிறகு நாடு முழுக்கப் பரவியது ஊரறிந்த சங்கதி. "அந்த ஏழு பேரோட வீட்டுக்காரங்க பார்க்குல போய் நின்னதா எங்கேயும் எழுதலையே" என்று மடக்கினேன். "அதனாலதான் அவங்க உருப்பட்டாங்க" என்றாள். "அப்போ நான் போக வேண்டாம்தானே?" "போங்க. வீட்டுல இருந்தா வறுக்கறதுல பாதியைத் தின்னுடறீங்க."

அனுப்புவதற்கு முன் பயிற்சி வேறு. விற்கிறவனுக்குச் சரக்கு தெரிந்திருக்க வேண்டுமாம். வாணலி முன்னால் என்னை நிறுத்திவிட்டாள். உளுந்து தனி, கடலைப்பருப்பு தனி, மிளகாய் தனி. மிளகாய் என்றால் இராமநாதபுரம் குண்டு மிளகாய்தான். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது என்பதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. எள்ளைக் கடைசியில் போட்டு மிக்ஸியை ஒரே ஒரு திருப்பு திருப்ப வேண்டும். முதலிலேயே போட்டு ஓட்டினால் எண்ணெய் விட்டுப் பொடி கட்டிதட்டிப் போகும். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஒரு கிலோ கட்டிதட்டிப் போனது.

லேபிளைப் புனேயில் இருக்கும் மகள் வரைந்து அனுப்பினாள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய 100 ரூபாய் கட்டணம் கட்டினோம், 14 இலக்கத்தில் ஓர் எண் வந்தது. இந்த வியாபாரத்தில் என் கையால் ஒழுங்காக நடந்த காரியம் இது ஒன்றுதான். அதையும் கம்ப்யூட்டரில் பக்கத்து வீட்டுப் பையன்தான் செய்தான்.

களம் நாகேஸ்வர ராவ் பூங்கா. காலை ஆறு மணிக்கு லஸ் பக்கத்து ஜனமெல்லாம் அங்கே சுற்றிக்கொண்டிருக்கும். இத்தனை பேர் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, இத்தனை பேரும் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்பதை யோசிக்கவில்லை. எல்லோரும் ஒரே திசையில் சுற்றுகிறார்கள். பின்னாலேயே போனால் முதுகோடுதான் பேசலாம். அதனால் நான் எதிர்த் திசையில் நடந்தேன். இப்போது முகம் தெரிகிறது. ஆனால் ஒரு முகம் இரண்டு விநாடிதான் கிடைக்கும்.

எனவே தவணை முறை. முதல் சுற்றில் "வணக்கம் சார்". அடுத்த சுற்றில் அதே ஆளிடம் "வீட்டுல செஞ்ச இட்லிப் பொடி". மூன்றாவதில் "இருநூறு கிராம், நூத்தி இருவது ரூபா". நாலாவதில் அட்டையைக் கையில் திணிப்பது. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆளுக்கு ஒரு வேகம். நடுவில் ஒருவர் செருமிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், இன்னொருவர் நடுவழியில் வீட்டுக்கே போய்விடுகிறார். யாருக்கு எந்தத் தவணை பாக்கி என்று எனக்குக் குழம்பிவிட்டது. ஒரே மனிதருக்கு மூன்று தடவை வணக்கம் சொன்னேன்; மூன்றாவது தடவை அவர் "யாருங்க நீங்க?" என்று பயந்தார். அது போகட்டும். வணக்கமே சொல்லியிராத ஓர் அம்மாளிடம் நேரே போய் "நூத்தி இருவது ரூபா" என்றுவிட்டேன்.

அந்த அம்மாள் நின்றார்கள். குனிந்து காலைப் பார்த்தார்கள். நல்ல காலம், நடைக்கென்று ஷூ போட்டு வந்திருந்தார்கள். லேஸை அவிழ்ப்பதற்குள் நான் வாசல் வரைக்கும் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நடக்கிறவர்களை விட்டுவிட்டு, உட்கார்ந்திருக்கிறவர்கள் பக்கம் திரும்பினேன். பெஞ்சில் ஒருவர் துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாதுவான முகம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, மனப்பாடம் பண்ணியதைச் சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. "சார்... இட்லி..." என்பதோடு நின்றுவிட்டது. அன்று நான் ஷேவ் செய்துகொள்ளவில்லை. போட்டிருந்ததும் மிளகாய் வறுக்கும்போது போடுகிற சட்டை. காரத்தில் கண் வேறு சிவந்திருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் இருபது ரூபாய் நோட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "வாசல்ல தள்ளுவண்டி இருக்கு பெரியவரே. சூடா சாப்பிட்டு வாங்க" என்றார்.

"ஐயையோ, அதில்லீங்க" என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். "கூச்சப்படாதீங்க" என்று இன்னொரு பத்தையும் சேர்த்துவிட்டார்.

வீட்டில் வந்து சொன்னால் ஆறுதலாக இரண்டு வார்த்தை கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். மனைவி கணக்கு நோட்டை எடுத்து "வரவு: ரூ. 30" என்று எழுதினாள். பொடியும் செலவாகவில்லை, பாக்கெட்டும் செலவாகவில்லை, தினமும் இப்படி ஒருத்தர் கிடைப்பாரா என்று கேட்டாள்.

இடமும் சரியில்லை என்பது போகப் போகத்தான் விளங்கியது. பூங்காவில் யார் நடக்கிறார்கள்? டாக்டர் சொன்னவர்கள் நடக்கிறார்கள். அந்த டாக்டர்கள் நடக்க மட்டுமா சொல்லியிருக்கிறார்கள்? பொடியில் உப்பு உண்டா? உண்டு. அப்படியானால் ரத்தக் கொதிப்பு. காரம்? அல்சர். நல்லெண்ணெய் குழைத்தால்தானே ருசி? கொலஸ்ட்ரால். பருப்பா? வாயு. சர்க்கரைக்காரர் ஒருவர் பொடியில் தனக்கு ஆட்சேபணை இல்லை, இட்லிதான் கூடாது என்றார். காதில் ஒயர் மாட்டிய ஒரு பெண் நின்று, நிஜமாகவே நின்று, இதில் குளூட்டன் உண்டா என்று கேட்டது. "எங்க வீட்டுல அதெல்லாம் போடறதில்லைம்மா, எல்லாம் கடையில வாங்கின நல்ல சாமான்" என்று அடித்துச் சொன்னேன். அப்புறம்தான் அந்தப் பெண் எனக்குப் பாடம் எடுத்தது: கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெருங்காயம் கொஞ்சம்தானாம், பாக்கி பிசினும் மாவும், பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோதானாம். டப்பாவின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னது. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. அறுபது வருஷமாக நான் ரசத்தில் மைதா குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொருவர், ஏதோ அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பாக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது. முதல் போணி! "நிகர எடை இருக்கு. தயாரிச்ச தேதி இருக்கு. பச்சைப் புள்ளி போட்டிருக்கீங்க, சரி, அதைச் சுத்திப் பச்சைக் கட்டம் எங்கே?" என்றார். மகள் வட்டத்தோடு விட்டிருந்தாள். சட்டப்படி சதுரத்துக்குள் புள்ளி இருக்க வேண்டுமாம். பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தணிக்கைப் பிரிவில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு இதே மாதிரி ஆட்சேபணை எழுதிய கை இது. என் ஆட்சேபணையை வாங்கிக்கொண்டவர்கள் வீட்டில் போய் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"உங்ககிட்ட ஒரு சின்ன விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பிக்கக் கூடாது என்பது இதில் கற்றுக்கொண்ட இன்னொரு பாடம். வாழ்க்கையில் முன்னேறும் ஆசை உண்டா, மாதம் இவ்வளவு வந்தால் கசக்குமா, நீங்கள் மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் போதும் என்று சங்கிலி வியாபாரிகள் எல்லோரும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கிறார்கள். கேட்டவுடன் ஜனங்கள் பதறி ஓடுகிறார்கள். ஓடாமல், சிரித்த முகத்தோடு நின்று, "சொல்லுங்க சார், நிதானமா சொல்லுங்க" என்றார் ஒரே ஒருவர். நான் சொன்னேன். உளுந்திலிருந்து எள் வரைக்கும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டார், பேரம் பேசாமல் 120 ரூபாய் கொடுத்தார். பிறகு, "நானும் ஒரு பொடிதான் சார் கொடுத்துட்டிருக்கேன்" என்று தோள்பையைத் திறந்தார். பாலில் கலக்கிச் சாப்பிட்டால் மூட்டுவலி போய்விடுகிற ஊட்டச்சத்துப் பொடி. என் பொடியை அவர் வாங்கியிருக்கும்போது அவர் பொடியை நான் எப்படி வேண்டாம் என்பது?

டப்பா 2,400 ரூபாய். மூட்டுவலி எனக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை. தெருத்தெருவாகப் பொடிப் பை சுமந்து இப்போது இருக்கிறது, அந்த வகையில் டப்பா வீண் போகவில்லை.

மார்கழி வந்தது. பூங்காவுக்குப் பெயர் கொடுத்த காசிநாதுனி நாகேஸ்வர ராவைப் பற்றி அப்போதுதான் படித்தேன். 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் செய்ய ஆரம்பித்தவர் அவர். முன்பின் தெரியாதவர்களிடம் சரக்கை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தார் தெரியுமா? சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாக விநியோகம் செய்தாராம். எவ்வளவு மனுஷாளைப் படித்தவர் பாருங்கள். தலைவலித் தைலம் கொடுக்கக் கச்சேரியைவிடத் தோதான இடம் ஏது? அந்த மனிதர் பெயருள்ள பூங்காவில் மாதக்கணக்கில் சுற்றியும் எனக்கு இது உறைக்கவில்லை. நானும் கச்சேரிக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

இலவசம் என்றால் பொட்டலம் சின்னதாக இருக்க வேண்டும். கடலூர் சின்னி கிருஷ்ணன் டால்கம் பவுடரையும் எப்சம் உப்பையும் சின்னச் சின்ன பாக்கெட்டாகப் போட்டுத்தான் ஷாம்பூ பாக்கெட்டுக்கே வழி காட்டினார். அவரை நினைத்துக்கொண்டு, இரண்டு ஸ்பூன் மிளகாய்ப் பொடி கொள்கிற பிளாஸ்டிக் உறைகளை வாங்கி, வாயை ரம்ப பிளேடில் மடித்து மெழுகுவத்தியில் காட்டி நானே ஒட்டினேன். சில ஒட்டின. ஜிப்பாவின் இரண்டு பைகளிலும் அடைத்துக்கொண்டு ஒரு சபாவில் போய் உட்கார்ந்தேன். தனி ஆவர்த்தனத்தில் கூட்டம் கேன்டீனுக்கு எழுந்து போகும், அப்போது வாசலில் நின்று ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடலாம் என்பது கணக்கு.

தனி வரைக்கும் போகவே இல்லை. பாடகி முகாரியை எடுத்தார். ஹால் குளிரில் எனக்கு மூக்கு ஒழுகியது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தை நன்றாக அழுந்தத் துடைத்தேன்.

பொட்டலம் உள்ளேயே பிரிந்து, கைக்குட்டை முழுக்கக் குண்டு மிளகாயாக இருந்தது. புவிசார் குறியீடு சும்மா கொடுக்கவில்லை என்பது அன்றைக்குப் புரிந்தது. இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகக் கொட்டுகிறது. சத்தம் போட முடியாது. தோள் குலுங்குகிறது. பக்கத்தில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார், அவர் குரலும் தழுதழுத்தது. "இந்தக் காலத்துல இப்படிக் கேக்கறவா இருக்கேளே" என்றார். மேடையில் பாடகியும் பார்த்துவிட்டார். இரண்டாவது வரிசையில் ஒரு கிழவன் தன் முகாரிக்கு விம்மி விம்மி அழுதால் எந்தப் பாடகிதான் நிறுத்துவார்? சுருக்கமாக முடிக்க நினைத்திருந்ததையும் நீட்டி, என்னைப் பார்த்துப் பார்த்தே பாடினார். நான் எழுந்து ஓட முடியாதபடி அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பெரியவர் இரக்கப்பட்டுத் தன் பையைத் துழாவி ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினார். "ரொம்ப உருகிட்டேள். நெத்தியில கொஞ்சம் தடவிக்கோங்கோ." மஞ்சள் தைலம். கச்சேரி, இலவசம், தைலம். நாகேஸ்வர ராவின் விற்பனை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தடவிக்கொண்டேன். அந்த விரலிலும் பொடி இருந்தது.

இதற்கிடையில் பொடி விற்க ஆரம்பித்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. தெருவில் வரும் காய்கறி வண்டியில் என் மனைவி கறிவேப்பிலையை மொத்தமாக அள்ளிப் பையில் போடுவாள். "இவ்வளவு எதுக்குக்கா?" என்று பக்கத்தில் நிற்கிற பெண் கேட்கும். "பொடிக்கு." அவ்வளவுதான். விலை சொல்வதில்லை, அட்டை கொடுப்பதில்லை, புவிசார் குறியீட்டை இழுப்பதில்லை. "எனக்கும் கொஞ்சம் கிடைக்குமாக்கா?" என்றால், "இந்த வாரம் முடியாதும்மா, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பாள். முடியாது என்று கேட்டதும் அந்தப் பெண் வீடு வரைக்கும் கூடவே வந்துவிடுகிறது.

இதுதான் சூட்சுமமா என்று நானும் பூங்காவில் ஒருவரிடம் போய், "சார், பொடி இல்லை" என்று சொல்லிப் பார்த்தேன். "சரி" என்றார்.

இப்போது என்னை வாடிக்கையாளர் பிடிக்கும் வேலையிலிருந்து விடுவித்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறாள். அடுக்குமாடி வாட்ச்மேன்கள் எல்லோரும் பழக்கமாகிவிட்டார்கள். பதிவேட்டில் என் பெயரைக் கேட்பதில்லை. "பொடி" என்று அவர்களே எழுதிக்கொள்கிறார்கள்.

போன வாரம் அவள் இல்லாத நேரத்தில் கணக்கு நோட்டைப் புரட்டினேன். பழக்க தோஷம். ஒவ்வொரு பொடிக்கும் தனிப் பக்கம். மூட்டை விலை, மின்சாரம், உறை, லேபிள் எல்லாம் பைசா சுத்தமாக இருந்தது. கடைசியில் எனக்கென்று ஒரு பக்கம்: கட்டிதட்டிய பொடி ஒரு கிலோ, கச்சேரி டிக்கெட், இலவசப் பொட்டலங்கள், சலவைக்குப் போட்டும் கறை போகாத ஜிப்பா, ஊட்டச்சத்து டப்பா, கழித்தல் வரவு ரூ. 30. மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: "சேதாரம்".

தணிக்கைக்காரன் கண்ணுக்கு ஒரு தலைப்பு விட்டுப்போனால் தப்புமா? அவள் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "சேதாரம் இருக்கு, செய்கூலி எங்கே?"

"அது நான்" என்றாள். "நீங்க போய் அடுப்புல இருக்கற எள்ளைப் பாருங்க, வாசனை வருது."

போய்ப் பார்த்தேன். கருகித்தான் போயிருந்தது. திரும்பி வருவதற்குள் அதையும் என் பக்கத்தில் எழுதிவிட்டிருந்தாள்.